பயிற்சிக்குப் போனால் உதவித்தொகை நின்றுவிடுமா?

வாசகர் கேள்வி – 30 நவம்பர் 2025

ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் என் மச்சான் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறார். யூனிட்டை மூடப்போகிறார்கள். வயது 42. சிஎன்சி (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மெஷின்) படிக்கச் சொல்கிறோம். பயிற்சியில் சேர்ந்தால் வேலை இழந்தவர்களுக்கான பணம் கிடைக்காது என்று ஒருவர் பயமுறுத்துகிறார். என்னைக் கேட்டால் பணமே வேண்டாம். ஆறு மாதம் உருப்படியான பயிற்சி கொடுத்தால் போதும். பணத்தைக் கொடுத்து உட்கார வைத்தால் ஆள் சோம்பேறி ஆகிவிடுவான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

1 டிசம்பர் 2025

எதிலாவது கையெழுத்துப் போட்டுவிட்டாரா? முதலில் அதைக் கேட்டுச் சொல்லுங்கள்.

போடவில்லை என்றால் மேலே படிக்கலாம். அவர் இஎஸ்ஐயில், அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டில், இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சம்பளம் மாதம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்குத்தான் இஎஸ்ஐ. அதைத் தாண்டி வெளியே வந்திருந்தால் இந்தக் கதை அவருக்கு இல்லை.

இஎஸ்ஐயில் வேலை இழந்தவர்களுக்கு இரண்டு திட்டங்கள். பழையது ராஜீவ் காந்தி ஷ்ராமிக் கல்யாண் யோஜனா, 2005 ஏப்ரல் 1 முதல் நடப்பது. தொழிற்சாலை மூடல், ஆட்குறைப்பு, அல்லது வேலையோடு தொடர்பில்லாத காயத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம், இந்த மூன்றில் ஒன்றால் வேலை போயிருக்க வேண்டும். ஆரம்பத்தில் ஆறு மாதத்துக்குத்தான் பணம் கொடுத்தார்கள். பிறகு கூட்டிக்கொண்டே வந்து இப்போது முதல் 12 மாதம் சம்பளத்தில் பாதி, அடுத்த 12 மாதம் கால்வாசி. பணம் வாங்கும் காலம் முழுக்கக் குடும்பத்துக்கு இஎஸ்ஐ மருத்துவம் உண்டு. தொழிற்பயிற்சிக்குப் போனால் கட்டணமும் போய்வரும் செலவும் இஎஸ்ஐ கழகத்தின் பொறுப்பு.

ஆக, பயிற்சிக்குப் போனால் பணம் நிற்கும் என்பது இந்தத் திட்டத்துக்குப் பொருந்தாது. பயிற்சி அதற்குள்ளேயே இருக்கிறது. வேலை கிடைத்தால் நிற்கும். ராஜினாமா, விஆர்எஸ் (விருப்ப ஓய்வு), ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கம் என்றால் தொடங்கவே தொடங்காது. வேலைநிறுத்தம், கதவடைப்பு நாட்களுக்கும் கிடையாது.

அதனால்தான் கையெழுத்தைப் பற்றிக் கேட்டேன்.

1 டிசம்பர் 2025, இரவு

சோம்பேறி விஷயத்துக்குத் தனியாக வருகிறேன். இப்போது எழுதினால் கோபமாக எழுதிவிடுவேன்.

3 டிசம்பர் 2025

இன்னும் கையெழுத்துப் போடவில்லை, ஆனால் ஹெச்ஆர் தினமும் கூப்பிட்டுப் பேசுகிறார் என்று பதில் வந்திருக்கிறது. சரி, எங்கள் கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். கோவையில் ஒரு வார்ப்பட உதிரிபாக யூனிட், பெயர் வேண்டாம். மூடுவதற்கு முன்னால் பத்துப் பத்துப் பேராகக் கூப்பிட்டார்கள். "நீங்களே பேப்பர் போட்டுட்டா மூணு மாசச் சம்பளம் சேர்த்துத் தர்றோமுங்க. இல்லீன்னா கேஸு கோர்ட்டுன்னு இழுக்கும்" என்றார்கள். குரலில் ஒரு குறையும் இல்லை, டீயும் கொடுத்தார்கள்.

அப்போது லேபர் ஆபீஸ் வழக்குகளில் பழகிய ஒரு யூனியன்காரர் எங்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். முதல் வருடம் பாதி என்றால் ஆறு மாதச் சம்பளம். இரண்டாம் வருடம் கால்வாசி என்றால் மூன்று மாதச் சம்பளம். மொத்தம் ஒன்பது மாதச் சம்பளம், கூடவே மருத்துவம். அதைக் கொடுத்துவிட்டு மூன்று மாதச் சம்பளத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். இதுபோக ஆட்குறைப்பு என்று பதிவானால் சட்டப்படி வேலை செய்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகக் கொடுத்தாக வேண்டும். ராஜினாமா செய்தால் அதுவும் போச்சு.

பாதிப்பேர் மூன்று மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். நான் இருந்துவிட்டேன். தைரியம் என்று சொல்ல மாட்டேன். அம்மாவுக்குச் சர்க்கரை, வரதராஜபுரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில்தான் மருந்து வாங்குவோம். அது நிற்கக்கூடாது என்ற ஒரே காரணம்தான்.

4 டிசம்பர் 2025

"திட்டத்தின் பெயரே வாயில் நுழையவில்லை, எப்படிப் போய்க் கேட்பது?" என்று ஒருவர். இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் ராஜீவ் காந்தி திட்டத்தை ஆர்ஜிஎஸ்கேஒய் என்றால் புரியும். முழுப்பெயரையும் தடுமாறாமல் சொல்பவருக்கு நேர்காணலே இல்லாமல் பணம் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

6 டிசம்பர் 2025

இன்னொருவர் இதோடு வேலைவாய்ப்பு அலுவலக உதவித்தொகையைக் குழப்பியிருக்கிறார். அது தமிழ்நாடு அரசின் தனித் திட்டம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருந்தவர்களுக்கானது. பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். மூன்று வருடம் வரை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள். வயது 40க்குள், எஸ்சி எஸ்டி என்றால் 45க்குள். மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு வருடப் பதிவு போதும், 600 முதல் 1,000 வரை, பத்து வருடம்.

மச்சானைப் பயமுறுத்தியவர் இந்தத் திட்டத்தைத்தான் மனதில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் இதில் அந்த விதி நிஜமாகவே இருக்கிறது. தினமும் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போய்ப் படிப்பவருக்கு இந்த உதவித்தொகை கிடையாது. அஞ்சல் வழியில் படிக்கலாம்.

மாதம் 300 ரூபாயை நம்பி ஒருவன் படிக்காமல் இருப்பான் என்று நினைத்து அந்த விதியை எழுதியவரை ஒருமுறை பார்க்க வேண்டும். கோவையில் 300 ரூபாய் ஒரு நாள் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போகும்.

7 டிசம்பர் 2025

சோம்பேறி விஷயம்.

என் அப்பா ஸ்பின்னிங் மில்லில் சைடர், நூற்பு மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஆள். மில் தொண்ணூறுகளில் மூடியது. அந்தக் காலத்தில் மூடிய தனியார் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கென்று மத்திய அரசின் மறுவாழ்வு நிதித் திட்டம் ஒன்று இருந்தது, 1986 செப்டம்பரில் தொடங்கியது. முதல் வருடம் சம்பளத்தில் 75 சதவீதம், இரண்டாம் வருடம் 50, மூன்றாம் வருடம் 25. மூன்று வருடம் மெதுவாக இறக்கிவிடுவார்கள். 2017 ஏப்ரலில் அதை நான் மேலே சொன்ன ராஜீவ் காந்தி திட்டத்தோடு இணைத்துவிட்டார்கள்.

அந்த மூன்று வருடத்தில் அப்பா சோம்பேறியாக இருந்தாரா? காலையில் எழுந்து மில் இருந்த பக்கம் நடந்துபோய் விட்டு வருவார். கறிக்கடையில் கணக்கு எழுதிப் பார்த்தார். தறி ஓட்டக் கற்றுக்கொள்ள சோமனூர் போனார், கண் ஒத்துவரவில்லை. நல்ல பயிற்சி என்று எதற்காவது யாராவது கூப்பிட்டிருந்தால் போயிருப்பார். கூப்பிடத்தான் ஆளில்லை. மூன்றாம் வருடம் பணம் கால்வாசி ஆனபோது ஒரு அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன் ஆனார்.

பெரிய அளவிலும் அதே கதைதான். 1992இல் தேசியப் புதுப்பித்தல் நிதி என்று தொடங்கினார்கள். நலிந்த ஆலைத் தொழிலாளர்களுக்கு மறுபயிற்சி கொடுத்து வேறு வேலையில் அமர்த்தப்போவதாகச் சொன்னார்கள். பணத்தில் பெரும்பகுதி பொதுத்துறை நிறுவனங்களின் விஆர்எஸ் செட்டில்மென்ட்டுக்கே போனது. ஆட்களை அனுப்பியாகிவிட்டது, பயிற்சி பின்னால் வரும் என்றார்கள்.

அப்பாவுக்குப் பணம் வந்தது, பயிற்சி வரவில்லை. உங்கள் யோசனைப்படி உங்கள் மச்சானுக்குப் பயிற்சி வரும், பணம் வராது. எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

8 டிசம்பர் 2025

மேலே எழுதியதில் சூடு கொஞ்சம் அதிகம். எடுக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

13 டிசம்பர் 2025

என் பயிற்சி எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறார்கள்.

இஎஸ்ஐ கட்டணம் கொடுக்கும் பயிற்சி என்பது அவர்கள் ஏற்றுக்கொண்ட நிலையங்களில்தான். உயர் தொழிற்பயிற்சி என்றால் நம் மாநிலத்தில் சென்னை கிண்டியில் இருக்கும் நிலையம்தான் ஞாபகம் வரும். கோவையில் வீடும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் வைத்துக்கொண்டு பாதிச் சம்பளத்தில் சென்னையில் தங்கிப் படிப்பது நடக்கிற காரியமில்லை. பஸ் காசு வரும், அறை வாடகையை யார் கொடுப்பது? அதனால் கணபதியில் ஒரு தனியார் சென்டரில் என் கைக்காசில் சேர்ந்தேன்.

ஒரே ஒரு விஎம்சி மெஷின், சிஎன்சியில் ஒரு வகை. மீதி நேரம் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர். சுற்றிலும் டிப்ளமோ முடித்த இருபது வயதுப் பசங்கள். முதல் வாரம் என்னை வாத்தியார் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். ஜி கோடு, எம் கோடு என்ற மெஷின் கட்டளைகள் அவர்களுக்குச் சட்டென்று வந்தன, எனக்கு வரவில்லை. ஆனால் மெட்டல் கத்தும் சத்தத்தை வைத்து ஃபீட் (வெட்டும் டூல் நகரும் வேகம்) அதிகம் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. டூல் உடைவதற்கு முன் எமர்ஜென்சி பட்டனை அழுத்தியது பெரும்பாலும் நான்தான். சான்றிதழில் அதற்கு மார்க் இல்லை.

நாற்பது வயதுக்காரனுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் இதைப் புரிந்துகொள்வதில்லை. அவனை வெறும் தாளாக நினைத்துப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறார்கள். அவனுக்கு வேண்டியது ஆறு மாதப் பாடம் அல்ல. இருக்கிற கைப்பழக்கத்தோடு புரோகிராமை இணைக்கும் ஆறு வாரமும், மெஷினில் நிறைய நேரமும்தான்.

14 டிசம்பர் 2025

அரசு ஐடிஐயில் சேரலாமே என்று கேட்டவருக்கு: ஆண்களுக்கு 40 வயதோடு கதவு மூடிவிடும். பெண்களுக்கு வயது வரம்பு இல்லை. இங்கே கேள்விக்குரிய மச்சானுக்கு 42. மாநிலத்தில் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து ரோபோ, சிஎன்சி, மின் வாகனம் என்று புதுப்பித்திருக்கிறார்கள், 2,877 கோடி ரூபாய்த் திட்டம். மெஷின்கள் நன்றாகவே இருக்கின்றன. பயிற்சியாளர்களுக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. வேலை போன நடுவயது ஆணை மட்டும் அந்த வாசலில் எதிர்பார்க்கவில்லை. சாயங்கால ஷிப்டில் அந்த மெஷின்களை இவர்களுக்குத் திறந்துவிட்டால் என்ன குறைந்துவிடும்?

16 டிசம்பர் 2025

ஒரு சங்கடமான விஷயம், யாரும் எழுதுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தில் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறைக்காரர் கூப்பிட்டார். "சாயங்காலம் வந்து கை கொடுங்க. கத்துக்கிட்ட மாதிரியும் ஆச்சு. கையில காசு தர்றேன், ரிஜிஸ்டர்ல வேண்டாமுங்க." நல்ல மனிதர், உள்நோக்கம் ஒன்றும் இல்லை. என் வகுப்பில் இருந்த மற்றொரு வேலை இழந்தவர் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்.

உதவித்தொகை வாங்கும்போது நான் எந்த வேலையிலும் இல்லை என்று எழுதிக் கொடுக்கிறோம். பொய்யாக எழுதிக் கொடுத்தால் அப்போதைய இஎஸ்ஐ சட்டத்தின் 84ஆம் பிரிவு இருந்தது, ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் நான் போகாததற்குக் காரணம் சட்டம் அல்ல. ரிஜிஸ்டரில் இல்லாதவன் விரலை மெஷினில் விட்டால் அவனுக்கு எதுவும் இல்லை. வேலைக் காயத்துக்கான இஎஸ்ஐ பணம் வேண்டுமானால் அங்கே வேலை பார்த்தேன் என்று சொல்ல வேண்டும், சொன்னால் உதவித்தொகை வாங்கியது பொய்யாகிவிடும்.

போனவரை நான் குறை சொல்ல மாட்டேன். பாதிச் சம்பளத்தில் பிள்ளைக்கு டெர்ம் ஃபீஸ் கட்டிப் பார்த்தால் தெரியும். மெஷினில் உட்காராமல் மெஷினைக் கற்றுக்கொள்ள முடியாது, மெஷினில் உட்கார்ந்தால் அது வேலை. பட்டறையில் பழகும் மணி நேரங்களைப் பயிற்சி என்றே பதிவு செய்து, காயத்துக்கு மட்டும் இஎஸ்ஐ பொறுப்பேற்றால் இந்தச் சிக்கலில் பாதி தீரும்.

22 டிசம்பர் 2025

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒருவர் தன் கதையை எழுதியிருக்கிறார். அங்கே வேலை இழந்தவருக்கு வரி, காப்பீடு கழித்த சம்பளத்தில் 60 சதவீதம், குழந்தை இருந்தால் 67. வேலைவாய்ப்பு அலுவலகம் ஒப்புக்கொண்டு கல்வி வவுச்சர் கொடுத்த பயிற்சியில் இருந்தால் அதே தொகை தொடர்கிறது. பயிற்சியில் கழிந்த இரண்டு நாளுக்கு உதவித்தொகைக் கணக்கில் ஒரு நாள்தான் குறைப்பார்கள். புதிய தொழிலுக்கு முழுத் தகுதி பெறும் நீண்ட படிப்பு என்றால் 2023 ஜூலையிலிருந்து மாதம் 150 யூரோ கூடுதல்.

"அவன் பணக்கார நாடு" என்று உடனே ஒருவர். சரி, தொகையை விடுங்கள். அந்த இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கைப் பாருங்கள். படிக்கப் போனால் உன் காலம் நீளும் என்று சொல்வதற்குப் பெரிய பணம் தேவையில்லை. நம் 24 மாதத்திலேயே, பயிற்சியில் இருக்கும் மாதங்களுக்குக் கால்வாசிக்குப் பதில் பாதி என்று எழுதினால் போதும்.

5 ஜனவரி 2026

புது வருடத்தில் புதுச் சட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் மறுதிறன் நிதி என்று ஒன்று இருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்படும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் முதலாளி 15 நாள் சம்பளத்துக்குச் சமமான தொகையைக் கட்ட வேண்டும். 45 நாட்களுக்குள் தொழிலாளியின் கணக்கில் வர வேண்டும்.

நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மாதம் 18,000 வாங்கியவருக்குப் பத்தாயிரம் ரூபாய்ப் பக்கம் வரும். என் கணபதி சென்டர் ஃபீஸ் அதைவிட அதிகம். பெயரில் திறன் இருக்கிறதே தவிர, எந்த வகுப்போடும் அது கட்டப்படவில்லை. வாங்கியவர் வாடகை கட்டுவார், வட்டி கட்டுவார், நானும் அதைத்தான் செய்திருப்பேன். அதே தொகுப்பில் மூடுவதற்கு அரசு அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆகிவிட்டது. கொடுத்த 15 நாளை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

9 ஜனவரி 2026

டிசம்பர் 3 குறிப்பை மறுபடி படித்தேன். ஒன்பது மாதச் சம்பளம் என்பது 24 மாதமும் வேலை இல்லாமல் இருந்தால்தான். நான்கு மாதத்தில் வேலை கிடைத்துவிட்டால் கிடைப்பது இரண்டு மாதச் சம்பளம் மட்டுமே. மூன்று மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போன பையன்களில் இளையவர்கள் சீக்கிரமே அரசூர், திருப்பூர் என்று வேலைக்குப் போய்விட்டார்கள், அவர்களுக்கு அந்தப் பேரம் அவ்வளவு மோசமில்லை. 2014இல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா மூடும் முன்னே பெரும்பாலோர் விஆர்எஸ் வாங்கியதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பலர் இருபதுகளில் இருந்தார்கள். விஆர்எஸ் வாங்கியவருக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை என்பது அந்த வயதில் பெரிதாகப் படாது.

42 வயதில் கணக்கு வேறு. அந்த வயதுக்காரரை நான்கு மாதத்தில் யார் எடுக்கிறார்கள்? இழப்பீட்டையும் மருத்துவத்தையும் சேர்த்துப் பார்த்தால் மச்சான் பேப்பர் போடக்கூடாது என்பதில் நான் மாறவில்லை.

17 ஜனவரி 2026

பொங்கல் முடிந்து வந்து பார்த்தால் ஒப்பந்தத் தொழிலாளிகள் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கான்ட்ராக்டர் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொன்னால் அது மூடலுமில்லை, முறையான ஆட்குறைப்பு என்று காகிதமுமில்லை. உங்களுக்கு இரண்டாவது திட்டம்தான் வழி: அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா, 2018 ஜூலை 1 முதல் சோதனை அளவில் தொடங்கி ஒவ்வொரு தடவையும் நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள். முதலில் கால்வாசிச் சம்பளம், 2020 கொரோனாக் காலத்தில் பாதி ஆக்கினார்கள். 90 நாள் வரை, வாழ்நாளில் ஒருமுறை.

இரண்டு வருடம் இஎஸ்ஐயில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது, அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ராஜினாமாவாக எழுதி வாங்கிவிட்டால் இங்கேயும் சிக்கல். வேலை போய் 30 நாள் கழித்து நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம், முதலாளி கையெழுத்துக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டு திட்டத்திலும் ஒரே காலத்துக்குப் பணம் வாங்க முடியாது.

ஒரு கணக்கு: நான்கு சந்தாக் காலத்தில் வாங்கிய மொத்தச் சம்பளத்தை 730ஆல் வகுத்துத்தான் ஒரு நாள் சம்பளம் எடுப்பார்கள். நடுவில் கான்ட்ராக்டர் மூன்று மாதம் உட்கார வைத்திருந்தால் அந்த மூன்று மாதமும் பூஜ்ஜியமாகச் சேர்ந்து தொகை குறையும். இரண்டு வருடமும் விடாமல் மாதம் 18,000 வாங்கியவருக்கு 90 நாளுக்கு மொத்தம் 26,600 ரூபாய் வரும். இதில் பயிற்சிக்கு இடமில்லை. மூன்று மாதப் படிப்பு ஒன்றை இந்த 90 நாளோடு ஒட்டி நீங்களாக அமைத்துக்கொண்டால் உண்டு.

2 பிப்ரவரி 2026

மச்சானுக்கு மூடல் நோட்டீஸ் வந்துவிட்டதாம், ராஜினாமா கொடுக்கவில்லையாம். நல்லது. நோட்டீஸின் நகல், கடைசிச் சம்பளச் சீட்டுகள், ஆதார், வங்கிப் புத்தகம், இஎஸ்ஐ நம்பர், இவற்றோடு கிளை அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். யுஏ-1 படிவம் என்று கேட்கட்டும். அதே நாளில் பயிற்சிக்கும் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து ரசீது வாங்கச் சொல்லுங்கள். கிண்டி உங்களுக்கு ஒரகடத்திலிருந்து போய்வரும் தூரம்தான், எனக்கு இல்லாத வசதி அது.

ஹெச்ஆர் கொடுத்த டீயைக் குடித்தாராம். குடிக்கலாம், அதில் தப்பில்லை.